ஃபைன் பிரிண்ட் என்றால் ஃபைன் கட்டுவதா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் என்னிடம் கேட்டார்: "மேடம், காலேஜ் படிக்கிற எம் பொண்ணு 'ஃபைன் பிரிண்ட்டைப் படிச்சியாம்மா'ன்னு திட்டுறா. நான்தான் ஒரு தவணைகூட லேட்டா கட்டலையே, எனக்கு எதுக்கு ஃபைன்?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி நியாயமானது. கூட்டத்துக்கு லேட்டா வந்தால் நாம் வசூலிப்பதும் ஃபைன்தானே! இங்கே அந்த அர்த்தம் இல்லை. ஆங்கிலத்தில் ஃபைன் என்பதற்கு 'மெல்லிய, நுணுக்கமான' என்றும் பொருள் உண்டு. பிரிண்ட் என்றால் அச்சு. ஃபைன் பிரிண்ட் என்றால் பொடி எழுத்து.

விளம்பரத்தில் 'குறைந்த வட்டி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் எறும்பு ஊர்வது மாதிரி 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருக்கும். அதுதான் ஃபைன் பிரிண்ட். இங்கிலாந்தில் இதையே ஸ்மால் பிரிண்ட் என்பார்கள்.

இன்று எழுத்துக்கு மட்டும் இதைச் சொல்வதில்லை. வெளியில் சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் எந்த நிபந்தனைக்கும் சொல்கிறார்கள். "மிக்ஸி இலவசம்" என்று கடைக்காரர் சொன்னால், "இதுல ஃபைன் பிரிண்ட் என்ன?" என்று கேட்கலாம். அதாவது, எவ்வளவுக்குச் சாமான் வாங்கினால் இலவசம் என்று அர்த்தம்.

அந்த உறுப்பினர் ஒரு நிதி நிறுவனத்தில் 30,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். கையில் வந்தது 28,900 ரூபாய். இன்சூரன்சும் கட்டணமும் பிடித்ததாகப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கையெழுத்து அவருடையது. படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

வட்டியிலும் இப்படி உண்டு. 10,000 ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட் ரேட் என்றால் வட்டி 1,200 ரூபாய். மாதாமாதம் அசலைச் சமமாகக் கட்டி, மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 650 ரூபாய்தான். சதவீதம் ஒன்றேதான். வித்தியாசம் ஒரே ஒரு வார்த்தையில் இருக்கிறது.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தருவது நுண்கடன். இதற்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதிகள் கொண்டு வந்தது. அதன்படி:

- வட்டி, கட்டண விவரங்களை எளிய விவரத் தாளாகத் தர வேண்டும்.
- கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.
- முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது.
- தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டும்தான் அபராதம். மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது.
- நம் சம்மதம் இல்லாமல் இன்சூரன்ஸ் போன்றவற்றைக் கடனோடு சேர்த்து விற்கக் கூடாது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டணும்? தவணை தவறினால் என்ன? பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் வழக்கமானதுதாம்மா, போடுங்க" என்று அவசரப்படுத்தினால், வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கடன் அட்டையைக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்போம். கண்ணாடி உள்ளவர்கள் மறக்காமல் எடுத்து வரவும்!