தொலைந்த புழுவைத் தேடி

(இளமறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவர், அபிராமம்)

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவர். அந்தச் சின்ன மீனைப் பிடிக்கவும் ஒரு புழு வேண்டும் என்பது தூண்டில்காரனுக்குத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் எங்கள் அபிராமம் பக்கத்தில் வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணைக் கிளறுவார்கள். சிரட்டை நிறைய மண்புழு சேரும். கெண்டையும் கெளுத்தியும் அதற்கே வந்துவிடும். விராலுக்கு மட்டும் தவளை வேண்டும். கோடையில் மண் இறுகிப் புழு மறைந்தாலும் அடுத்த மழைக்கு மீண்டும் வந்துவிடும்.

ஆனால் ஒருமுறை மறைந்தால் எந்த மழைக்கும் திரும்பி வராத புழு ஒன்று உண்டு. அது தொழிற்சாலையில் பிறந்த பிளாஸ்டிக் புழு.

அமெரிக்க ஏரிகளில் 'பாஸ்' என்றொரு மீன் இருக்கிறது. உருவத்தில் வேறானாலும் குணத்தில் நம் விராலைப் போன்றது. பாசிக்குள் பதுங்கியிருந்து இரை அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும். இதைப் பிடிப்பதற்கென்றே மென்மையான பிளாஸ்டிக் புழுக்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒரு வகை தனக்கு ராசியாக அமைந்துவிட்டால் தூண்டில்காரர் வேறொன்றைத் தொடமாட்டார். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டாலோ, அவர் ஊர் ஊராகத் தேடத் தொடங்கிவிடுவார். வேடிக்கையாகத் தோன்றும் இந்தத் தேடலுக்குப் பின்னே நாம் வகுப்பில் படிக்கும் வேதியியல் இருக்கிறது.

புழு பிறந்த கதை

ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம் ரப்பர்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே குட்ரிச் கம்பெனியில் பணியாற்றிய வால்டோ செமன் என்பவர் 1926-இல் பாலிவினைல் குளோரைடு என்னும் கடினமான பொருளை மென்மையாக்கும் வழியைக் கண்டார். அதே நகரில் 1949-இல் நிக் கிரீம் என்பவர் தம் மனைவியுடன் சேர்ந்து, வீட்டிலேயே மண்புழுவின் உருவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்தார்.

பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒன்றோடொன்று இறுகப் பற்றி நிற்பவை. சில எண்ணெய் போன்ற திரவங்களைச் சேர்த்தால் அவை இடையில் புகுந்து, சங்கிலிகளை வழுக்கிச் செல்ல விடுகின்றன. இவற்றை இளக்கிகள் எனலாம். பி.வி.சி. தூளும் இளக்கியும் கலந்த பால் போன்ற குழம்பைச் சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அச்சில் ஊற்றினால், ஆறியதும் புழு தயார். இளக்கி கூடினால் புழு குழையும், குறைந்தால் விறைக்கும். உப்புச் சேர்த்தால் நீரில் விரைவாக மூழ்கும். தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோப்பதும் உண்டு. அப்போது முள் பாசியில் சிக்காது. மீன் கவ்வும்போதுதான் வெளியே வரும்.

ஏன் மறைகிறது? எப்படித் தேடுவது?

அச்சு தேய்ந்துபோகலாம்; ஒரு சாயம் கிடைக்காமல் போகலாம்; கம்பெனி கைமாறலாம்; விற்பனை குறையலாம். கலவையின் அளவு கம்பெனிக்குள்ளேயே இருப்பதால், கம்பெனி போனால் அளவும் போய்விடும்.

தேடுவோர் முதலில் புழுவை அடையாளம் காண வேண்டும். நீளம், உடலின் வளையங்கள், வாலின் வடிவம், நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சிறிய கடைகளின் பழைய சரக்கை விசாரிக்கலாம். அச்சை வேறொருவர் வாங்கியிருந்தால், அதே புழு வேறு பெயரில் கிடைக்கவும் கூடும்.

கிடைத்த பழைய சரக்கும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இளக்கி மெல்ல வெளியேறிப் புழு விறைத்திருக்கலாம். இரண்டு நிறப் புழுக்களை ஒன்றாக வைத்தால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறிவிடும். சிலவகைக் கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளை இளக்கி இளக்கிவிடும். ஆகவே வாங்கிய உறையிலேயே வைத்திருப்பது நல்லது.

ஒரே ஒரு புழு மிஞ்சியிருந்தாலும் போதும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பதித்து அச்செடுத்து, புதிதாக வார்த்துக்கொள்வோர் உண்டு. அச்சில் ஈரம் இருந்தால் சூடான குழம்பு தெறித்துச் சுட்டுவிடும். குழம்பு அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். எனவே காற்றோட்டமில்லாத அறையிலோ, சமைக்கும் பாத்திரத்திலோ இதைச் செய்யவே கூடாது.

நமக்கு என்ன?

நம் பக்கத்திலும் இன்று விராலுக்கு ரப்பர் தவளை வாங்குவோர் இருக்கிறார்கள். அறுந்த புழுவையும் தவளையையும் கண்மாயில் விட்டுவரக் கூடாது. டிரவுட் மீன்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், பல மீன்கள் பிளாஸ்டிக் இரையைத் தாமாகவே விழுங்கி மெலிந்தன. மண்புழு மண்ணாகிவிடும், இது ஆகாது. அதேபோல் புழு வந்த வழியே மீனையும் கொண்டுவர எண்ணக் கூடாது. 1925-இல் பாஸ் மீனைக் கொண்டுவந்த ஜப்பான், 2005 முதல் அதைத் தீங்கு செய்யும் அயல் உயிரினமாகச் சட்டத்தால் தடுத்து வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இளக்கி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த வாய்க்காலில் எப்போது புழு கிடைக்கும், மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை எப்படி அசைந்தால் கெளுத்தி, எப்படி அசைந்தால் கெண்டை என்பதெல்லாம் என் தந்தைக்குத்தான் தெரியும். அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. கம்பெனியோடு போன கலவை அளவைப் போல இதுவும் ஆளோடு போய்விடக்கூடியதே. மிஞ்சிய ஒரு புழுவிலிருந்து அச்செடுக்கலாம். மறைந்த மனிதரின் அறிவுக்கு அச்செடுக்க முடியாது.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறோம் அல்லவா?