ஆழமற்ற கடலின் நீர்மூழ்கிகள்

நீர்மூழ்கிக் கப்பல் என்றவுடன் அடிகாணாப் பெருங்கடலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள பால்டிக் கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 55 மீட்டர்தான். அதன் மேற்குப் பகுதியில் 20, 30 மீட்டரிலேயே தரை தட்டும் இடங்கள் பல. 110 மீட்டர் நீளமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட அணுவாற்றல் நீர்மூழ்கி அங்கே மறையவும் திரும்பவும் இடமின்றித் தடுமாறும். அக்கடலுக்கென மேற்கு ஜெர்மனி வடிவமைத்த '206 வகை' நீர்மூழ்கியின் நீளம் ஏறத்தாழ 48 மீட்டர், அகலம் 4.6 மீட்டர்; நீர்ப்பரப்பில் எடை 450 டன். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாடு கட்டும் கலங்களின் அளவிற்கு உடன்படிக்கை வாயிலாக வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. கடலும் உடன்படிக்கையும் சேர்ந்து குறுக்கிய கலம் இது எனலாம்.

டீசல் இயந்திரம் காற்றின்றி இயங்காது. எனவே, கலம் நீர்ப்பரப்பை ஒட்டி வந்து, மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டி, இயந்திரத்தை ஓட்டி மின்கலங்களில் மின்னேற்றம் செய்துகொள்கிறது. மூழ்கியபின் மின்மோட்டாரே அதனைச் செலுத்துகிறது. வேகத்தை இருமடங்காக்க வேண்டுமெனில் ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவை. ஆகவே, விரைந்து ஓடும் கலத்தின் மின்கலம் விரைவில் வறண்டுவிடும். மீண்டும் மூச்சுக்குழாயை நீட்டும் அக்கணமே பகைவர் கண்ணில் படும் கணம். மெல்ல ஊர்வதே அதற்குப் பாதுகாப்பு.

வடிவமைப்பாளர்களைப் பெரிதும் வாட்டியது காந்தமே. இரும்பாலான கலம் புவியின் காந்தப்புலத்தைச் சற்றே மாற்றுகிறது. அம்மாற்றத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகள் கடல்தரையில் கிடக்கும். தொலைவு இருமடங்கானால் இவ்விளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆழ்கடலில் இது நன்மை. ஆழமற்ற கடலிலோ கலத்திற்கும் கண்ணிக்கும் இடையே அத்தொலைவு கிடைப்பதில்லை. ஆகவே, காந்தத்தன்மையற்ற எஃகால் கலத்தைக் கட்ட முடிவு செய்தனர். பிற உலோகங்களைத் தக்க அளவில் கலந்து எஃகின் படிக அமைப்பை மாற்றினால் அது காந்தத்தால் ஈர்க்கப்படாது.

1962ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த 'யு-1' அத்தகைய எஃகால் ஆனது. உப்புநீர் அதனை விரைவிலேயே சோதித்தது. எஃகு அரிக்கப்பட்டது, நுண்ணிய விரிசல்களும் தோன்றின. 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 100 டன் எடைக்கு நிகராக நீர் அழுத்தும். அங்கே விரிசல் என்பது உள்ளிருக்கும் அனைவரின் உயிரையும் குறித்த செய்தி. கண்ணிக்கு அஞ்சித் தேர்ந்த எஃகே கண்ணியாகிவிட்டது. 'யு-1', 'யு-2' ஆகிய இரண்டும் வழக்கமான எஃகைக் கொண்டு மீண்டும் கட்டப்பட்டன. அரிப்பைத் தாங்கும் காந்தமற்ற எஃகு கைகூடிய பின்னரே, 1973 முதல் 1975 வரை 206 வகைக் கலங்கள் பதினெட்டும் பணியில் சேர்ந்தன.

அக்கலத்தினுள் 22 பேர் அளவில் வாழ்ந்தனர். முன்பகுதியில் டார்பிடோ குழாய்கள் எட்டு இருந்தன. உள்ளிருந்து அவற்றை நிரப்ப இடமில்லை. துறைமுகத்தில் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயருமாறு கலத்தைச் சாய்த்து, குழாய்களின் வாய்வழியே நிரப்பினர். இட நெருக்கடிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நெருக்கடி தந்த கடலே புகலிடமும் தந்தது. ஆழமற்ற நீரில் ஒலியலைகள் பரப்பிலும் தரையிலும் மாறிமாறி எதிரொலிக்கின்றன. பால்டிக் கடலில் உப்புக் குறைந்த நீர் மேலும், மிகுந்த நீர் கீழும் அடுக்குகளாக நிற்பதால் ஒலியின் பாதையும் வளைகிறது. இயந்திரத்தை நிறுத்தித் தரையில் அமர்ந்திருக்கும் சிறு கலத்தை, ஒலியைக் கொண்டு பாறையிலிருந்து பிரித்தறிவது கடினம்.

இவ்வகையில் எஞ்சிய கலங்கள் 2010ஆம் ஆண்டு ஓய்வு பெற்றன. பின்னர் இரண்டைக் கொலம்பியா வாங்கிக்கொண்டது. 'யு-17' அருங்காட்சியகத்திற்குச் சென்றது. 2024ஆம் ஆண்டு நெக்கார் ஆற்றின் தாழ்ந்த பாலங்களைக் கடப்பதற்காக, மிதவையின்மேல் பக்கவாட்டில் சாய்த்து அதனைக் கொண்டுசென்றனர்.