தடுத்த கோலுக்குக் கணக்கு ஏது?

எங்கள் தோட்டத் திடலில் இரண்டு மூங்கில்கள்தாம் கோல் கம்பங்கள். அவற்றுக்கு நடுவே நிற்க ஒரு காலத்தில் யாரும் முன்வர மாட்டார்கள். வேகமாக ஓட முடியாதவனை, இல்லாவிட்டால் இருப்பவர்களில் சின்னவனைப் பிடித்து நிறுத்துவோம். 1970களின் பிற்பகுதியில் அது மாறியது. "இன்னிக்கு நான்தான் ஆறுமுகம்" என்று அந்த இடத்துக்குச் சண்டையே வரும்.

ஆர். ஆறுமுகம், தேசியக் காற்பந்துக் குழுவின் கோல்காவலர். அவருடைய நீண்ட கைகளைப் பார்த்து ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் என்று நாடே கொண்டாடிய ஆட்டக்காரர்களின் வரிசையில் அவர் பெயரும் இருந்தது.

ஆட்ட நாளில் லயத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். மலாய் வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசுவார். காற்பந்து பற்றி ஒன்றும் தெரியாத என் அம்மா, 'ஆறுமுகம்' என்ற பெயர் காதில் விழுந்ததும் அடுப்படியிலிருந்தே கேட்பார்: "நம்ம புள்ள புடிச்சிட்டானா?"

1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. மெர்டேக்கா அரங்கத்தில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். தென் கொரியாவை மலேசியா 2-1 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பியதை என் வயதுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் கொரியர்களை ஒரே கோலோடு நிறுத்தி வைத்ததும் அந்த வெற்றியில் பாதி. அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்தக் குழு மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 1972இல் மியூனிக் சென்ற நம் காற்பந்துக் குழுவுக்குப் பிறகு, ஒலிம்பிக் திடலில் எந்த மலேசியக் காற்பந்துக் குழுவும் கால் வைத்ததில்லை. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. கையில் பிடித்த பந்தைக் கீழே வைக்கச் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 35தான். அந்த வார இறுதியில் நான் தோட்டத்துக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "நம்ம புள்ளயாமே..." என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒருமுறைகூட நேரில் பார்க்காத மனிதருக்காக அன்று எங்கள் லயத்தில் பல வீடுகளில் துக்கம்.

2016இல் 'ஓலா போலா' படம் வந்தது. 1980 குழுவை நினைவில் வைத்து எடுத்த கதை. அதில் கோல்காவலரின் பெயர் முத்து. திரையரங்கில் இருந்து வெளியே வரும்போது என் மகன் கேட்டான்: "நெசமாவே அப்படி ஒருத்தர் இருந்தாராப்பா?"

வீடு வந்து சேரும்வரை ஆறுமுகத்தைப் பற்றியே பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொத்தம் எத்தனை கோல் தடுத்தாரு?" என்றான்.

எனக்குத் திக்கென்றது. அடித்த கோலுக்கு ஆள் பெயரும் நிமிடமும் எழுதி வைக்கிறோம். தடுத்த கோலுக்குக் கணக்கு ஏது? வலைக்குள் போகாத பந்து எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பார்த்தவர்களின், கேட்டவர்களின் ஞாபகத்தில்தான் அது இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

அவர் ஆட்டத்தை அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

மகனிடம் நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: "நெறைய."