மணி நாதமும் குளிர்ந்த கம்பியும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் தீபாராதனை முடிந்தது. மணி அடிப்பதை நிறுத்திய பிறகும் அதன் நாதம் சற்று நேரம் ரீங்காரமிட்டது. "அடித்து விட்ட பிறகு எத்தனை நேரம் முழங்குகிறது என்பதில்தானே இருக்கிறது மணியின் தரம்!" என்றாள் அத்தை.

"விஞ்ஞானிகளும் இப்படித்தான் சோதிக்கிறார்கள், அத்தை" என்றேன். "எதை?" என்று அவள் கேட்டதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

1911-ஆம் ஆண்டு ஹாலந்து தேசத்தில் காமர்லிங் ஓன்ஸ் என்ற விஞ்ஞானி, பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி வரை குளிர வைத்தார். மின்சாரத்துக்கு அதில் இருந்த தடை அடியோடு மறைந்துவிட்டது! இத்தகைய உலோகங்களை மீக்கடத்திகள் என்கிறார்கள். இன்றைய குவாண்டம் கணிப்பொறிகள் பலவற்றில் செய்தியைச் சுமப்பவை, தலைமயிரைவிடக் குறுகலான மீக்கடத்திக் கோடுகளே. நம் நாட்டிலும் 2024-இல் இத்தகைய 6 க்யூபிட் கருவி ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது.

"தடையே இல்லையென்றால் நஷ்டம் ஏது?" என்று மடக்கினாள் அத்தை.

நஷ்டம் உலோகத்தில் இல்லை. அதன் மேல் படியும் களிம்பில் இருக்கிறது! அந்தக் களிம்பிலுள்ள நுண்ணிய அணுக் கூட்டங்கள் செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுகின்றன. அதை அளக்க, கோட்டின் ஒரு துண்டை விநாடிக்குச் சுமார் 500 கோடி முறை அதிரும்படி அமைத்து, அதன் 'நாதம்' எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பலமாகத் தட்டினால் நஷ்டம் குறைவாகத் தெரியும். மெள்ளத் தட்டினால்தான் குட்டு வெளிப்படும். ஒரு கிண்ணம் பாயசத்தை நாலு குழந்தைகள் காலி செய்துவிடுவார்கள். ஓர் அண்டா பாயசம் என்றால், அவர்கள் வயிறு நிறைந்த பிறகும் மீதி அப்படியே இருக்குமல்லவா? குவாண்டம் செய்தியோ மிகமிக மெல்லியது. ஒரு கிண்ணம்கூட இல்லை, ஒரு துளிதான்!

பரிகாரம்? அமிலத்தால் கழுவிக் களிம்பை நீக்குகிறார்கள். களிம்பு தொல்லை கொடுக்காத உலோகத்தைத் தேடுகிறார்கள். 2021-இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையினர் டான்டலம் என்ற உலோகத்தைக் கையாண்டு, செய்தியை ஒரு விநாடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் வரை காப்பாற்றினார்கள். "பூ! இவ்வளவுதானா?" என்று தோன்றும். அதற்குள் ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டுவிடலாமே!

அத்தை சிரித்தாள். "எவ்வளவு படித்தாலும் கடைசியில் புளி போட்டுத் தேய்க்கிற வேலைதான் என்று சொல்லு!"