மீதி எழுத்து எங்கே?

குட்டீஸ்... முதலில் ஒரு சின்ன விளையாட்டு!

ம _ ம்.

நடுவில் இருக்க வேண்டிய எழுத்து என்ன? 'மரம்' என்று ஒருவர் சொல்வீர்கள். 'மணம்' என்பார் பக்கத்தில் இருப்பவர். மனம், மதம், மறம் என்று இன்னும் வரும். எதுவும் தப்பில்லை. ஆனால், எது சரி என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது இதைப் பாருங்கள்: 'கிணற்றடியில் இருந்த வேப்ப ம _ ம் நேற்று வீசிய காற்றில் சாய்ந்துவிட்டது.'

யோசிக்கவே வேண்டாம் இல்லையா? 'ர' தானாக வந்து உட்கார்ந்துகொண்டது! அதைக் கூட்டி வந்தது யார்? முன்னால் நின்ற 'வேப்ப'வும், பின்னால் நின்ற 'சாய்ந்துவிட்டது'ம்தான்.

இந்த ரகசியம் புரிந்துவிட்டால் போதும். ஆங்கிலத் தேர்வில் வரும் 'விடுபட்ட எழுத்துகளை நிரப்புக' கேள்வியைப் பார்த்து இனி பயப்பட வேண்டியதில்லை.

பள்ளியோடு முடிவதில்லை!

சின்ன வகுப்பில் வரும் கேள்விதானே என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் அண்ணன், அக்காக்கள் எழுதும் ஆங்கிலத் தகுதித் தேர்வுகளிலும் இது வருகிறது. டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வில் இப்படி ஒரு பகுதி உண்டு. 2026 ஜனவரியில் புது வடிவத்துக்கு மாறிய டோஃபல் தேர்விலும், ஒரு பத்தியில் பாதி பாதியாக நிற்கும் சொற்களை முழுமையாக்கச் சொல்கிறார்கள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பல பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. விளையாட்டு போலத் தெரிந்தாலும் விஷயம் பெரியது!

பாதி சொல்லை வெட்டியவர்கள்

இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது தெரியுமா? 1953-ல் அமெரிக்காவைச் சேர்ந்த வில்சன் டெய்லர், ஒரு கட்டுரை படிக்க எளிதா, கடினமா என்று அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டுரையிலிருந்து சில சொற்களை எடுத்துவிட்டு, படிப்பவர்களையே நிரப்பச் சொன்னார். இதற்கு 'குளோஸ்' முறை என்று பெயர்.

பிறகு 1981-ல் உல்ரிச் ராட்ஸ், கிறிஸ்டின் கிளைன்-பிராலி என்ற இருவர் ஜெர்மனியில் இதை மாற்றிப் பார்த்தார்கள். முழுச் சொல்லை எடுக்காமல், பாதிச் சொல்லை மட்டும் வெட்டினார்கள்! முதல் வாக்கியத்தைத் தொடவில்லை. இரண்டாம் வாக்கியத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதியை மட்டும் நீக்கினார்கள். இதற்கு 'சி-டெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் பின்பாதி? முன்பாதியை வெட்டினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு பழைய சோதனையில் துப்பு கிடைக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித மேதை கிளாட் ஷானன், 1951-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலப் பகுதி ஒன்றை மறைத்து வைத்து, அடுத்த எழுத்து என்ன, அடுத்த எழுத்து என்ன என்று ஒவ்வொன்றாக ஊகிக்கச் சொன்ன சோதனை அது. இடைவெளிகளையும் சேர்த்து 129 இடங்களில் 89 இடங்கள் முதல் முயற்சியிலேயே சரி! தவறுகள் அதிகம் வந்தது சொல்லின் தொடக்கத்தில்தான்.

அதாவது, கஷ்டமான பாதியைத் தேர்வுத்தாளே உங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. சுலபமான பாதிதான் உங்கள் வேலை!

ஒன்றைச் செய்து பார்க்கலாமா?

இதோ இரண்டு வாக்கியங்கள். வெட்டப்பட்ட சொற்களின் எழுத்துகளை மட்டும் பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

இட் ரெயின்ட் எஸ்டர்டே.
டூ கேர்ள்ஸ் 'டபிள்யூ-ஏ-எல் _ _ _' ஹோம் 'டபிள்யூ-ஐ _ _' தேர் 'பி-ஆர்-ஓ _ _ _ _'.

நடுவில் இருக்கும் சொல்லை முதலில் எடுப்போம். டபிள்யூ, ஐ, பிறகு இரண்டு கோடு. தனியாகப் பார்த்தால் வில், விஷ், விங், வைஃப் என்று எத்தனையோ வரும். ஆனால் 'வீட்டுக்கு', 'அவர்களுடைய' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே எது பொருந்தும்? 'உடன்' என்று பொருள் தரும் 'வித்' மட்டும்தான். டி-எச் போட்டாயிற்று!

அடுத்து முதல் சொல். 'வாக்' என்பது தெரிகிறது. ஆனால், கே என்று மட்டும் எழுதிவிட்டு ஓடினால் மதிப்பெண் போச்சு! முதல் வாக்கியத்தில் 'எஸ்டர்டே' இருக்கிறதே... நேற்று நடந்தது. எனவே 'வாக்ட்'. கே-இ-டி. மூன்று கோடுகளுக்கு மூன்று எழுத்து. கணக்கும் சரி!

கடைசிச் சொல் 'பிரதர்'. டி-எச்-இ-ஆர். ஒரு தம்பியா, பல தம்பிகளா? கோடுகள் நான்குதான். எஸ் சேர்க்க இடமில்லை. ஆக, ஒரே தம்பி!

பார்த்தீர்களா? மூன்று சொற்களுக்கும் விடை, கோட்டுக்கு வெளியேதான் இருந்தது.

ஆறு வழிகள்

1. பென்சிலைக் கீழே வையுங்கள். எதையும் நிரப்பாமல் முழுப் பத்தியையும் ஒருமுறை படியுங்கள். எதைப் பற்றிய பத்தி, எப்போது நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். முழுதாக விடப்பட்ட வாக்கியம் உங்களுக்கு உதவத்தான் இருக்கிறது.

2. சின்னச் சொற்களை முதலில் முடியுங்கள். தி, அண்ட், ஆஃப், வித் போன்றவை அடிக்கடி வரும். இவை நிரம்பினால், பெரிய சொற்களுக்கு வழி தெரியும்.

3. கோடுகளை எண்ணுங்கள். நீங்கள் நினைத்த சொல்லில் ஓர் எழுத்து கூடினாலோ, குறைந்தாலோ அது வேறு சொல். சில தேர்வுகளில் எழுத்துக்கு ஒரு கோடு இருக்காது, மொத்தமாக ஒரே கோடுதான் இருக்கும். அப்போது பொருளை மட்டுமே நம்ப வேண்டும்.

4. வாலைக் கவனியுங்கள். சொல்லின் பின்பாதியில்தான் இலக்கணம் ஒளிந்திருக்கிறது. நேற்று என்றால் இ-டி வருமா? முன்னால் 'ஷீ' இருந்தால் எஸ் வேண்டுமா? 'ஐ-என்-ஜி'யா, 'எல்-ஒய்'யா? கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

5. நண்பர்களை அடையாளம் காணுங்கள். ஆங்கிலத்தில் கியூ வந்தால் பெரும்பாலும் அடுத்து யு வந்துவிடும். குயின், குயிக் எல்லாம் அப்படித்தான். டி-யும் எச்-சும் இணைபிரியாத ஜோடி. 'ரயில்வே எஸ்-டி-ஏ-டி _ _ _' என்று பார்த்ததும் ஐ-ஓ-என் நினைவுக்கு வர வேண்டும்.

6. ஒலியை மட்டும் நம்பாதீர்கள். 'டி-எச்-இ _ _' என்று வந்து, 'தேர்' என்று வாயில் வந்துவிட்டது. அடுத்து ஐ-ஆர் போடுவதா, ஆர்-இ போடுவதா? 'அவர்களுடைய' என்றால் ஐ-ஆர். 'அங்கே' என்றால் ஆர்-இ. இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். முடித்ததும் முழுப் பத்தியையும் மனசுக்குள் வாசித்துப் பாருங்கள். தடுக்கும் இடத்தில்தான் தவறு இருக்கும்.

வீட்டிலேயே ஒரு தேர்வு!

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் நண்பரும் ஆளுக்கொரு கேள்வித்தாள் தயாரியுங்கள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்து நோட்டில் எழுதுங்கள். முதல் வாக்கியத்தை அப்படியே விடுங்கள். இரண்டாம் வாக்கியத்தின் இரண்டாவது சொல்லிலிருந்து, ஒன்று விட்டு ஒரு சொல்லில் பின்பாதியை வெட்டிவிட்டுக் கோடு போடுங்கள். நான்கெழுத்துச் சொல் என்றால் இரண்டு போகும். ஐந்தெழுத்து என்றால் இரண்டு நிற்கும், மூன்று போகும். ஓரெழுத்துச் சொற்களையும் பெயர்களையும் வெட்ட வேண்டாம். பிறகு நோட்டை மாற்றிக்கொண்டு நிரப்புங்கள்.

தப்பாகப் போன சொற்களைத் தனியாக எழுதி வையுங்கள். சொல்லை மட்டும் எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்!

நீளமான சொல் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு நிறைய சொற்கள் தெரியும். ஆனால் எந்தச் சொல் எதோடு சேர்ந்து வரும் என்பது, கதையும் கட்டுரையும் படித்துப் பழகியவருக்குத்தான் தெரியும். வேப்ப மரம் உங்களுக்கு எப்படி உடனே தெரிந்தது? தமிழை நீங்கள் அத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள், படித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கும் அதே மருந்துதான். தினமும் ஒரு பக்கம், சத்தமாக!

என்ன குட்டீஸ், பென்சில் தயாரா? கடைசியாக ஒரு சொல்: வெ _ றி. நடுவில் என்ன எழுத்து என்று உங்களுக்கே தெரியும்!