39 டாலர் கட்டுறதுக்கு முன்னாடி லைப்ரரில கேட்டியா?

போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு சங்கரன்கோவில்ல இருந்து சித்தி பொண்ணு கூப்பிட்டா. "அண்ணே, உங்க கிரெடிட் கார்டு வேணும். ஒரே ஒரு பேப்பர், 39 டாலர்."

அவ மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல பிஎச்டி பண்றா. தலைப்பு எங்க ஊர் விசைத்தறி. நாலு நாள்ல கைடுகிட்ட முதல் சாப்டர் கொடுக்கணும். ஸ்டைபெண்டும் இன்னும் வரலை. "லைப்ரரில கேட்டியா?"ன்னேன். "லைப்ரரில புக்குதானே இருக்கும்?"னா.

நானும் காலேஜ் படிக்கும்போது அப்படித்தான் நினைச்சேன். நாலு வருஷத்துல நான் லைப்ரரிக்குப் போனது ஏசிக்காக மட்டும்தான்.

விஷயம் என்னன்னா, அந்தப் பேப்பருக்கு ஏற்கெனவே பணம் கட்டியாச்சு. மத்திய அரசோட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1-ல ஆரம்பிச்சது. 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். அரசு நடத்துற பல்கலைக்கழகம், கல்லூரி மாணவர்களுக்காக இது. தனியார் காலேஜ் பசங்க இந்த முதல் கட்டத்துல இல்லை. அது எனக்குப் பெரிய குறையாத்தான் படுது.

அப்புறம் ஏன் 39 டாலர் கேட்டுச்சு? பதிப்பகத்தோட சர்வர் உங்க முகத்தைப் பார்க்காது, ஐபி முகவரியைத்தான் பார்க்கும். கேம்பஸ் நெட்வொர்க்ல இருந்து போனா கதவு திறக்கும். வீட்ல மொபைல் டேட்டால போனா நீங்க யாரோ ஒருத்தர். வெளியில இருந்து நுழையறதுக்கு 'இன்ஃபெட்'னு ஒரு லாகின் முறை இருக்கு. அந்த ஐடியை உங்க லைப்ரரிதான் கொடுக்கணும், அதனால கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. இவகிட்ட அது இல்லை. காலையில பஸ் ஏறி அபிஷேகப்பட்டி கேம்பஸுக்குப் போனா. அதே லிங்க், பைசா கேட்காம திறந்துச்சு.

காலேஜ் முடிச்சவங்களுக்கு 'சோத்கங்கா' இருக்கு. இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்டி ஆய்வேடுகள் லட்சக்கணக்குல இருக்கு, லாகின் வேண்டாம். முழுசா படிக்கணும்னு அவசியம் இல்லை. உங்க தலைப்புக்குப் பக்கத்துல ஒரு ஆய்வேட்டை எடுத்து, நேரா கடைசிக்குப் போய் துணைநூற்பட்டியலைப் பாருங்க. ஒருத்தர் நாலஞ்சு வருஷம் அலைஞ்சு தேடினது அங்க சும்மா கிடக்கும்.

தேடுறதுல அவ மாட்டின இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'சங்கரன்கோவில்'னு போட்டா பழைய ஆவணம் ஒண்ணுமே வரலை. இங்கிலீஷ்ல கோவிலா கோயிலாங்கிறதுலயே ரெண்டு மூணு ஸ்பெல்லிங். அதைவிட முக்கியம், வெள்ளைக்காரன் காலத்துல இது சங்கரநயினார்கோவில் தாலுகா. மாவட்டமும் தென்காசி இல்லை, 'டின்னவெல்லி'. அப்படித் தேடினதும் 1917-ல வந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் சிக்கிச்சு. கம்ப்யூட்டருக்கு ஊர்ப்பாசம் கிடையாது, கொடுத்த எழுத்தைத்தான் அது தேடும்.

இந்த மாதிரி இடத்துலதான் லைப்ரரியன் தேவைப்படுறார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர். 1931-ல அவர் எழுதின அஞ்சு விதிகள்ல ஒண்ணே வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறதுதான். அதனால கூச்சப்படாம போய்க் கேளுங்க. "நெசவு பத்தி புக் இருக்கா"ன்னு கேட்காதீங்க. "1960-கள்ல சங்கரன்கோவில் கைத்தறி விசைத்தறியா மாறினது பத்தி வேணும், இதெல்லாம் ஏற்கெனவே பார்த்துட்டேன்"னு சொல்லுங்க.

அப்படிக் கேட்டப்போ அவளுக்குக் கிடைச்ச பதில், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்ல தனி மனுஷர் ஒருத்தர் சேர்த்த பழைய புத்தகமும் பத்திரிகையும்தான் அதோட அடித்தளம். 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியும், எல்லாம் தமிழ்நாட்டுலயே இருக்கு. கேட்டலாக்ல தேடி, வேண்டிய பத்திரிகை இதழ்களோட பட்டியலைக் கையில வச்சிருக்கா.

சாப்டரை ஒருநாள் லேட்டாத்தான் கொடுத்தா. வெள்ளிக்கிழமை பொதிகையில டிக்கெட் போட்டாச்சு, இங்க என் ரூம்லதான் தங்கப் போறா. கார்டு நம்பர் கடைசி வரைக்கும் நான் கொடுக்கலை.