காசாக நடந்த சோழி

தாயம் ஆடும் வீடுகளில் சோழியைக் காணாதார் இலர். நாட்டு மருந்துக் கடையில் இதற்குப் பலகறை என்று பெயர். இதைக் கையில் கொடுத்து, "இஃது என்ன?" என்று நான் மாணவரைக் கேட்டதுண்டு. "கடலில் கிடைக்கும் கல்" என்பார் பலர். கல் அன்று; சிறு கடல்நத்தை ஒன்றின் ஓடு. 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு 'மொனீட்டா' என்று பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் அது காசைக் குறிக்கும் சொல். அப்பெயரின் காரணத்தையே இன்று சொல்ல விழைகிறேன்.

நத்தையாயின் சுருள் எங்கே என்று கேட்பீர்கள். இளமையில் இதற்கும் சுருள் உண்டு. முதிரும்போது ஓட்டின் வெளி உதடு உட்புறமாக மடிந்துகொள்ளும்; விளிம்பில் பல்வரிசை போன்ற மேடுகள் தோன்றும்; சுருளும் மறைந்துவிடும். அதன்பின் ஓடு நீள்வதில்லை. தடிப்பு மட்டுமே ஏறும். இதன் பளபளப்பு மனிதர் இட்ட மெருகன்று. நத்தையின் உடலிலிருந்து மெல்லிய தசைமடிப்பு இருபுறமும் எழுந்து ஓட்டின்மேல் போர்வைபோல் படர்கிறது. அப்போர்வையே மேற்பூச்சைச் சுரக்கிறது.

துருப்பிடிக்காது, எளிதில் உடையாது, எண்ணுவதற்கு ஏற்ற ஓரளவு. போலி செய்யப் புகுந்தால் செலவே மிஞ்சும். காசுக்கு வேறென்ன வேண்டும்?

இது மிகுதியாகக் கிடைத்த இடம் மாலத்தீவு. பிடித்த நத்தைகளைக் குழியில் புதைத்து, சதை அழிந்தபின் ஓடுகளை எடுப்பர். 1343-இல் அங்குச் சென்ற இபின் பதூதா, வங்காளத்தார் அரிசி கொடுத்து இவற்றைப் பெற்றதை எழுதியுள்ளார். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துச் சில்ஹெட்டில் நிலவரியே சோழியாகத்தான் வந்தது. நான்கு சோழி ஒரு கண்டா. இருபது கண்டா ஒரு பண். பதினாறு பண் ஒரு காகன். நான்கு காகன் ஒரு ரூபாய். பெருக்கிப் பாருங்கள்; 5,120 வரும். வரிப்பணத்தை வைக்கக் கிடங்கும், டாக்காவுக்குக் கொண்டுபோகப் படகுகளும் வேண்டியிருந்தன!

டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இச்சோழியை ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் ஏற்றிச் சென்றனர். ஐரோப்பாவில் இதற்கு என்ன பயன்? அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதே நோக்கம். அக்கரையில் இதைக் கொடுத்து வாங்கப்பட்டவற்றுள் மனிதரும் அடங்குவர். அடிமைகளின் விலையில் ஒரு பகுதி சோழியாக எண்ணித் தரப்பட்டது. நாணய வரலாறு எழுதுவோர் பொன்னையும் வெள்ளியையும் விரித்துரைத்து, இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடன்று.

சோழியின் மதிப்பைக் குலைத்தது அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு நத்தையே. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முதுகில் பொன்னிற வளையமுள்ள சோழியை ஜான்சிபார்ப் பக்கத்திலிருந்து ஜெர்மானிய வணிகர் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டு குவித்தனர். இது சற்றுப் பெரியது, மலிவானது. சந்தைக்குப் போகிறவர் கூடை கூடையாகச் சோழி சுமக்க நேர்ந்தது. சேர்த்து வைத்திருந்தவரின் செல்வம் இருந்த இடத்திலேயே தேய்ந்தது. எனினும் பெயர் அழியவில்லை. கானா நாடு 1965-இல் தன் புது நாணயத்துக்குச் 'செடி' என்று பெயரிட்டது. அந்நாட்டு அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.